நடுவில் வைக்க ஒரு கல்

ஹினெக் வாத்தியாரிடம் மணி என்ன என்று கேட்டால்கூடப் பேச்சு கார்னெட் என்கிற சிவப்புக் கல்லில் போய்த்தான் நிற்கும். அப்படி ஒரு பைத்தியம் அவருக்கு. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர், எங்கள் லிப்கோவ் கிராமத்தில் பழைய தானியக் கிடங்கில் ஊர்ச்சபை நடத்துகிற சின்ன அருங்காட்சியகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு கண்ணாடிப் பெட்டி, ஒரு கணப்பு, ஒரு நாற்காலி, அவ்வளவுதான் மொத்தச் சொத்து. பெட்டிக்குள் இருப்பதெல்லாம் மிலெஷோவ்கா மலையடிவாரத்து மண்ணில் கிடைத்த கார்னெட். கடுகளவு இருக்கும், மிளகளவு இருக்கும், எப்போதாவது பட்டாணியளவு அகப்படும். பட்டாணியைத் தாண்டி எங்கள் மண் ஒரு கல்லைக் கொடுத்ததாக இப்போது உயிரோடு இருக்கிற யாரும் பார்த்ததில்லை.

அவர் குடியிருந்தது பக்கத்து டவுனில். தினம் காலை ஏழு இருபது பஸ்ஸில் லிப்கோவுக்கு வருவார். அந்த பஸ்ஸை ஓட்டுகிறவள் ரடானா. ஐம்பத்திரண்டு வயது, லிப்கோவ்காரி, கணவன் அலோய்ஸ் இறந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. வாத்தியார் எப்போதும் முதல் இருக்கையில்தான் உட்காருவார். அவர் தலைக்கு நேர் மேலே 'ஓட்டுநருடன் பேசக்கூடாது' என்று பலகை தொங்கும். அதற்குக் கீழே உட்கார்ந்துகொண்டு இருபது நிமிஷமும் பேசுவார். மூன்று வருஷமாக இப்படி.

என்னதான் பேசினார் என்று கேட்டால், எல்லாம் கல்லைப் பற்றித்தான். பூமிக்கு அடியில், கிணறோ சுரங்கமோ எட்டாத ஆழத்தில் அது விளைந்ததையும், எரிமலை அதைத் தூக்கிக்கொண்டு வந்து நம் வயலில் கொட்டியதையும் சொன்னார். மாதுளை விதை மாதிரி இருப்பதால் லத்தீன்காரர்கள் மாதுளையின் பெயரையே கல்லுக்கு வைத்தார்களாம். மாதுளை என்றதும் கிரேக்கக் கதை வந்துவிடும். பாதாளத்து ராஜா தூக்கிக்கொண்டு போன பெண் அங்கே சில மாதுளை விதைகளைத் தின்றாள், அதனால் வருஷத்தில் பாதியை அங்கேயே கழிக்கும்படி ஆயிற்று. ரடானா கண்ணாடியில் பின்னால் வருகிற லாரியைப் பார்த்தபடியே, அந்தப் பெண் ஏன் தின்றாள், பசியா என்று கேட்டாள். பசிதான் என்று நினைக்கிறேன் என்றார். பின்னே, பட்டினி போட்டால் யாராக இருந்தாலும் தின்னத்தான் செய்வாள், அவளைப் போய்க் குறை சொல்வானேன் என்று சொல்லிவிட்டு கியரை மாற்றினாள்.

நோவாவின் பேழைக்குள் விளக்குக்குப் பதிலாக இந்தச் சிவப்புக் கல்தான் எரிந்தது என்று பழைய ஆட்கள் நம்பியதைச் சொன்னார். ஒரே ஒரு கல் வெளிச்சத்தில் மாடு எது புலி எது என்று எப்படித் தெரிந்ததாம், என்றாள். வாள் பிடியில் பதித்தால் காயம் படாது என்று ஒரு ஊர்க்காரன் நினைத்தான், துப்பாக்கிக் குண்டாகப் போட்டால் குறி தப்பாமல் கொல்லும் என்று இன்னொரு ஊர்க்காரன் நினைத்தான் என்றார். "நல்லாருக்கே. அடிக்கிறவனுக்கும் அதே கல்லு, அடி வாங்குறவனுக்கும் அதே கல்லு," என்றாள் அவள். உப்புத்தாளில் தூளாக ஒட்டியிருப்பதும் இதே கல்தான் என்று அவர் சொன்னபோது மட்டும், அது உருப்படியான உபயோகம் என்று ஒத்துக்கொண்டாள்.

ஒருநாள், கல்லை அணிந்தவருக்குத் துக்கம் வந்தால் கல் மங்கிப்போகும் என்கிற நம்பிக்கையைச் சொன்னார். அதற்கு அவள் கிண்டல் பண்ணவில்லை. இரண்டு நிறுத்தம் தாண்டிய பிறகு, "அலோய்ஸ் போனப்ப என்கிட்ட கல்லு எதுவும் இல்ல வாத்தியாரே. இருந்திருந்தா கரியாயிருக்கும்," என்றாள். அன்றைக்குத்தான் வாத்தியாருக்கு அவள்மேல் காதல் வந்தது. அறுபத்தோரு வயதில் வந்தால் என்ன, வந்தது வந்ததுதான். அதுவரை கல்யாணமே பண்ணிக்கொள்ளாத மனுஷன்.

கல்யாணம் கேட்பதற்கு எங்கள் ஊரில் ஒரு முறை இருக்கிறது. கடையில் வாங்கிய நகையைக் கொடுத்தால் அது வெறும் பரிசு, யாரும் அதைக் கேள்வியாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கேட்கிற ஆண் தன் கையால் வயலில் பொறுக்கிய கல் பதினெட்டு வேண்டும். உள்வட்டத்தில் ஆறு, வெளிவட்டத்தில் பன்னிரண்டு என்று, சட்டையில் குத்திக்கொள்கிற வெள்ளிப் பதக்கத்தில் பூ மாதிரி பதித்து, நடுவில் காலியாக விட்டுவிட வேண்டும். நடுவில் வைக்கிற பத்தொன்பதாவது கல் பெண்ணிடமிருந்து, அவள் வீட்டிலிருந்தோ அவள் நிலத்திலிருந்தோ வர வேண்டும். அதைப் பட்டை தீட்டக் கூடாது, வந்தபடியே வைக்க வேண்டும். அவள் கொடுத்தால் சம்மதம். கொடுக்காவிட்டால் காலிப் பூவை எடுத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டு போய்விட வேண்டும். யாரும் யாரையும் காரணம் கேட்பதில்லை.

வாத்தியார் மூன்று இலையுதிர்காலம் வயல் வயலாக அலைந்தார். மழை விட்ட மறுநாள், வெயில் சாய்வாக விழுகிற நேரத்தில் உழவுசாலில் குனிந்து பார்த்தால்தான் கல் மினுக்கும். சிவப்பாகத் தெரிந்ததையெல்லாம் எடுத்து, சேறு போக வாயில் போட்டுச் சப்பிப் பார்ப்பார். எங்கள் ஆட்கள் எல்லோரும் அப்படித்தான் பார்ப்பது. பதினெட்டையும் சேர்த்து, டூர்னோவ் நகரத்தில் பட்டை தீட்டி வெள்ளியில் பதிக்கக் கொடுத்து வாங்கிவந்து, மேல்கோட்டின் உள்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார். நடுவில் நாலு வெள்ளிக் கொக்கிகள் வாயைத் திறந்துகொண்டு நின்றன. மாதுளையைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிறவருக்கு, நடுக்கல் தருகிறாயா என்று கேட்க மட்டும் நாக்கு புரளவில்லை.

நவம்பர் பதினொன்று, புனித மார்ட்டின் நாள், ரடானா அவரை மத்தியான சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாள். அன்றைக்கு எங்கள் வீடுகளில் பெருவாத்துதான் சமையல். விருந்துக்கு வந்த இன்னொருத்தி வெந்துலா, அலோய்ஸின் அக்கா, தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அவள் கண்ணுக்குத் தப்பி இந்த ஊரில் ஒரு கடிதம்கூடப் போனதில்லை, மனுஷரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். தம்பி இடத்தில் இன்னொருவர் வந்து உட்காருவதை அவள் எப்படி எடுத்துக்கொள்வாள் என்று ஊரே யோசித்துக்கொண்டிருந்தது. வாத்தியாரும் யோசித்தார்.

சாப்பிடத் தொடங்குவதற்கு முன்னால், விருந்தாளிகளுக்கு முன்பாக வாத்தின் இரைப்பையை வெட்டிப் பார்ப்பது எங்கள் வழக்கம். வாத்து தீனியை அரைப்பதற்காகப் பொடிக்கல்லை விழுங்கும். எங்கள் வயலில் மேய்ந்த வாத்தாக இருந்தால் மணலோடு நாலைந்து கடுகுக் கார்னெட்டும் இருக்கும். அதை ஒரு கிண்ணத்தில் அலசி எடுத்து நல்ல சகுனம் என்று ஜன்னல் விளிம்பில் வைப்பார்கள். ரடானா வெட்டினாள். மணல் வந்தது, ஒரு பொத்தான் வந்தது. அதற்குப் பின்னால் கொழகொழவென்று ஒன்று வந்து கிண்ணத்தில் டொக்கென்று விழுந்தது. பட்டாணியைப்போல் இரண்டு மடங்கு. தண்ணீரை ஊற்றியதும் இரத்தச் சிவப்பாக நின்றது.

வெந்துலா என்னடி அது கொட்டையா என்று கேட்டு முடிப்பதற்குள் வாத்தியார் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார். உள்ளங்கையில் உருட்டினார். ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார்.

"கார்னெட்," என்றார்.

"பாத்துச் சொல்லுங்க. இம்மாம் பெரிசா எங்க வந்துச்சு?" என்றாள் வெந்துலா.

"இத்தனை வருஷமா பாக்கறேங்க. இது கார்னெட் இல்லேன்னா நான் ஹினெக் இல்ல."

வேறு எந்த ஊராக இருந்தாலும், வாத்து வயிற்றில் சிவப்பாக ஒன்று கிடந்தால் கண்ணாடிச் சில்லு என்று சொல்லிக் குப்பையில் போட்டிருப்பார்கள். எங்கள் ஊரில் அந்த யோசனை ஒருவருக்கும் வராது. பாட்டன் முப்பாட்டன் காலத்திலிருந்து வாத்து வயிற்றில் சிவப்பு என்றால் கார்னெட்தான், முடிந்தது. வாத்தியாருக்காவது வந்திருக்கலாம். பையில் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டே எடுத்துப் பார்க்கவில்லை. அந்த மேஜையில், அந்த வீட்டில், அவள் கையால் வெட்டிய வாத்திலிருந்து ஒரு கல் வருகிறது. அவருக்கு அது நடுக்கல்லாகத்தான் தெரிந்தது. ஆசை வந்து கண்ணில் உட்கார்ந்துகொண்டால் படிப்பு என்ன செய்யும்?

அவர் திருப்பிக் கொடுத்தபோது ரடானா வாங்கவில்லை. "நீங்களே வெச்சுக்கோங்க வாத்தியாரே. என்கிட்ட இருந்தா அடுப்படியில தொலைச்சிடுவேன்," என்றாள். வெந்துலாவின் முள்கரண்டி ஒரு கணம் அப்படியே நின்றது. அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தாளா, அவருக்குக் கொடுத்தாளா? கேட்டுத் தெரிந்துகொள்ள வாத்தியாருக்குத் தைரியம் இல்லை. சிவப்பு முட்டைக்கோஸையும் உருளைக்கிழங்கு உருண்டையையும் தேவைக்கு மேல் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

மறுநாளே ஊர் பூராவும் தெரிந்துபோயிற்று. ஊர்ச்சபைத் தலைவர் கிடங்குக்கே வந்து, கிறிஸ்துமஸுக்கு நாலு வாரம் முன்னால் வருகிற அட்வென்ட் முதல் ஞாயிற்றுக்கிழமை கண்காட்சி, அதில் 'லிப்கோவின் பெரிய கல்' என்று அட்டை எழுதி நடுப்பெட்டியில் வைக்கிறோம் என்று முடிவு பண்ணிவிட்டுப் போனார். அவனவன் தன் வாத்துகளை விரட்டிக்கொண்டு போய் உழுத வயலில் விட்டான். வாத்துகளுக்கு ஜலதோஷம் பிடித்ததுதான் மிச்சம். பஸ்ஸில் ஏறுகிறவர்கள் டிக்கெட்டுக்கு முன்னால் கல்லைப் பற்றிக் கேட்டார்கள். ரடானா ஒவ்வொருவருக்கும் சொன்னாள், கிண்ணத்தில் விழுந்த சத்தம் உட்பட. தலைமுடியை வெட்டி ஒழுங்குபண்ணிக்கொண்டாள். உதட்டுக்குச் சாயம் பூசினாள். அலோய்ஸ் போனதிலிருந்து அவளை ஊர் பரிதாபமாகத்தான் பார்த்துவந்தது. இப்போது பொறாமையாகப் பார்த்தது. அது அவளுக்குப் பிடித்திருந்தது, அதை மறைக்கவும் இல்லை. முன்னிருக்கையிலிருந்து அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே வந்த வாத்தியாருக்கு வயிறு நிறைந்த மாதிரி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கண்காட்சி முடிந்ததும் கல்லை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போவது, உள்பையிலிருந்து பூவை எடுத்து மேஜையில் வைப்பது, கேட்பது என்று திட்டம் போட்டுவிட்டார்.

சனிக்கிழமை காலை பிள்ளைகளுக்கான வேடிக்கையை ஒத்திகை பார்த்தார். கிண்ணம் நிறையத் தண்ணீர் எடுத்து, அதில் தக்கையை மிதக்கவிட்டு, தக்கைமேல் கல்லை வைத்து, பக்கத்தில் நல்ல காந்தம் ஒன்றைக் கொண்டுபோனால் கார்னெட் தக்கையையும் இழுத்துக்கொண்டு காந்தத்தின் பின்னாலேயே வரும். கல்லுக்குள் இரும்பு இருக்கிறது. பிள்ளைகள் இதற்குத்தான் கை தட்டும். பெரிய கல்லைத் தக்கைமேல் வைத்தார். காந்தத்தைக் கொண்டுபோனார். தக்கை நகரவில்லை. காந்தத்தைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். நகரவில்லை. பெட்டியிலிருந்து மிளகளவு கல் ஒன்றை எடுத்து வைத்தார், அது சமர்த்தாகப் பின்னாலேயே வந்தது. திரும்பவும் பெரிய கல்லை வைத்தார்.

அப்போதுதான் பூதக்கண்ணாடியை எடுத்தார். உள்ளே, ஓரமாக, ஒரு குமிழி. உருண்டையாக, சோடாவில் இருப்பதுபோல. கார்னெட்டுக்குள் என்னென்னவோ இருக்கும், உருண்டைக் குமிழி மட்டும் இருக்காது. காய்ச்சி ஊற்றிய கண்ணாடியில்தான் அது இருக்கும்.

கணப்பு முன்னால் உட்கார்ந்துவிட்டார் மனுஷன். அவமானம் ஒரு பக்கம் இருக்கட்டும், ஊர் நாலு நாள் சிரிக்கும், சிரித்துவிட்டுப் போகட்டும். அவளை என்ன செய்வது? தலைமுடி வெட்டிக்கொண்டு, உதட்டுச்சாயம் பூசிக்கொண்டு, நாளைக்கு எல்லோருக்கும் முன்னால் வந்து நிற்கப்போகிறாள். சொன்னால் அவளையும் சேர்த்து ஊர் சிரிக்கும். சொல்லாவிட்டால்? பெட்டிக்குப் பூட்டு இருக்கிறது. சாவி இவரிடம் இருக்கிறது. காந்தத்தைக் கொண்டுவந்து பார்க்கிறவன் இந்த மாவட்டத்திலேயே இவர் ஒருவர்தான். பூவின் நடுவில் வைத்துவிட்டால் ஆயுசுக்கும் யாரும் கேட்கப்போவதில்லை. பொய் சொல்லி அவள் சம்மதத்தை வாங்கிவிடலாம், அவ்வளவு சுலபம். அப்புறம் தினம் காலையில் அவள் சட்டையில் அந்தக் குமிழியைப் பார்த்துக்கொண்டு காப்பி குடிக்க வேண்டும். தன்னால் அது முடியாது என்று அவருக்குத் தெரிந்தது. கோட்டை மாட்டிக்கொண்டு, கல்லைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு, அடுத்த பஸ் எப்போது என்று பார்த்தார்.

பத்தரை மணி பஸ் மாதா கோயில் முன்னால் வந்து நின்றது, அதுதான் கடைசி நிறுத்தம். இறங்குகிறவர்கள் இறங்கினார்கள். வாத்தியார் ஏறி முதல் இருக்கையில் உட்கார்ந்தார். சனிக்கிழமை இந்த நேரத்தில் டவுனுக்கு என்ன வேலை என்று கேட்டாள் ரடானா. அவர் கைக்குட்டையைப் பிரித்தார். சுற்றி வளைக்கவில்லை, நோவாவையும் கூப்பிடவில்லை. இது கல் இல்லை, கண்ணாடி, நான்தான் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்றார். தக்கையையும் குமிழியையும் சொன்னார். மன்னிப்புக் கேட்டார்.

அவள் இன்ஜினை அணைத்தாள். அந்தத் துண்டை வாங்கி, பஸ்ஸின் முன்பக்கக் கண்ணாடி வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தாள். முகத்தில் இருந்த நிறம் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்ததை வாத்தியார் பார்த்தார். அதைப் பார்ப்பதற்கு இறங்கி ஓடிவிடலாம் போலிருந்தது.

"எப்பத் தெரிஞ்சுது?" என்று கேட்டாள்.

"இன்னிக்குக் காலையில. ஒன்பது மணிக்கு."

"உடனே வந்துட்டீங்களா?"

"இதான் அடுத்த பஸ்ஸு."

அவள் தலையை ஆட்டினாள். நாளைக்கு ஊருக்கும் நீங்களே சொல்லிவிடுங்கள் என்றாள். துண்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை, யூனிபார்ம் பையில் போட்டு ஜிப்பை இழுத்துக்கொண்டாள். ஆட்கள் ஏறத் தொடங்கினார்கள், இவர் இறங்கினார். மூன்று வருஷத்தில் அவள் கிண்டல் பண்ணாமல் பஸ்ஸை எடுத்தது அது இரண்டாவது தடவை. கொடுத்ததை அவள் திரும்ப எடுத்துக்கொண்டுவிட்டாள். எங்கள் ஊர் முறைப்படி அதற்கு ஒரே அர்த்தம்தான். வாத்தியார் கிடங்குக்கு நடந்து போய், 'லிப்கோவின் பெரிய கல்' அட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்து கணப்பில் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கிடங்கு கொள்ளாத கூட்டம். மேஜையில் கசகசா வைத்த கொலாச் பன்கள் அடுக்கியிருந்தன, பெரிய பாத்திரத்தில் சுடச்சுட மசாலா ஒயின் இருந்தது. நடுப்பெட்டி காலி. தலைவர் பேசுவதற்காகத் தொண்டையைக் கனைத்தபோது வாத்தியார் குறுக்கே வந்து நின்று, பேசிவிட்டார். கல் இல்லை, கண்ணாடி. சோதிக்காமல் சொன்னது என் குற்றம். வாத்து மேலும் குற்றம் இல்லை, அந்த வீட்டுக்காரர்கள் மேலும் இல்லை.

பின்னால் ஒருவன் சிரித்தான், அதைத் தொடர்ந்து கூட்டமே சிரித்தது. வாத்துக்கு மருந்து வாங்கிய செலவை யார் தருவது என்று ஒருவன் கேட்டான். தலைவர் முகம் ஊறுகாய் தின்றதுபோல ஆயிற்று. வெந்துலா கூட்டத்துக்கு நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். அவள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "அன்னிக்கு இது கார்னெட் இல்லேன்னா நான் ஹினெக் இல்லேன்னீங்க. இப்ப உங்களை என்னன்னு கூப்பிடறது?" என்றாள். சிரிப்பு இன்னும் பெரிதாயிற்று. வாத்தியாரும் சிரித்துவைத்தார். வேறு என்ன செய்வது?

அப்போது ரடானா கதவு பக்கத்திலிருந்து வந்தாள். கருநீலக் கோட்டு போட்டிருந்தாள், உதட்டுச்சாயம் பூசியிருந்தாள். கூட்டம் வழி விட்டது. அவள் வாத்தியாரிடம் வரவில்லை, நேரே வெந்துலா முன்னால் போய் நின்றாள்.

"வெந்துலாக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அலோய்ஸ் கல்லறைக்கு நீங்க வாங்கி வெச்சீங்களே, அந்தச் சிவப்புக் கண்ணாடி விளக்கு. ஜூன் மாசம் அவர் போன நாளுக்கு ஏத்தப் போனேன். நம்ம வீட்டு வாத்துங்க பின்னாலேயே வந்துச்சு. நான் தண்ணி புடிச்சிட்டு வர்றதுக்குள்ள தள்ளி உடைச்சிருச்சு. நீங்க திட்டுவீங்கன்னு சில்லைப் பொறுக்கிட்டு, அதே மாதிரி ஒண்ணு வாங்கி வெச்சிட்டேன். அடியில இருந்த கெட்டித் துண்டு மட்டும் கெடைக்கவே இல்ல." பையைத் திறந்து எடுத்து வெந்துலா மடியில் வைத்தாள். "நேத்து பஸ்ஸுல வெச்சுப் பாத்தப்பதான் புரிஞ்சுது."

சிரிப்பு நின்றுவிட்டது. வெந்துலா மடியில் இருந்ததைப் பார்த்தாள். தொடவில்லை. தம்பியின் கல்லறை விளக்கு ஐந்து மாதம் ஒரு வாத்து வயிற்றில் கிடந்து, மழுங்கி வழவழப்பாகி, ஊர்க்கண் முழுக்கப் பட்டுவிட்டு அவள் மடிக்கு வந்திருந்தது. அது உடைந்தது எனக்கு ஜூன் மாதமே தெரியும் என்றாள் கடைசியில், புது விளக்குக்கு அடியில் கடை விலைச்சீட்டு ஒட்டியிருந்தது, எத்தனை நாள் மறைக்கிறாய் பார்க்கலாம் என்றுதான் சும்மா இருந்தேன் என்றாள்.

ரடானா குனிந்து அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு வாத்தியார் பக்கம் திரும்பினாள்.

"மூணு வருஷமா அந்த வயல்ல குனிஞ்சு குனிஞ்சு சேத்தைத் தின்னீங்களே வாத்தியாரே. டிரைவர் சீட்டு உசரம். எல்லாம் தெரியும். அது மியூசியத்துக்குன்னா நெனச்சேன் நான்?"

வாத்தியாருக்குக் காது வரைக்கும் சிவந்துபோயிற்று. இந்த ஊரில் ரகசியம் என்று ஒன்று உண்டா? சுற்றிலும் பார்த்தார், ஒருவர் முகத்திலும் ஆச்சரியம் இல்லை. கை தானாகவே உள்பைக்குப் போய்ப் பூவை எடுத்தது. பதினெட்டுக் கல்லும் ஜன்னல் வெளிச்சத்தில் எரிந்தன. நடுவில் நாலு கொக்கிகளும் காலி.

"என் வீட்டுலேருந்து வர்றது இதுதான்," என்றாள் ரடானா. உள்ளங்கையில் கண்ணாடித் துண்டு இருந்தது. அவள் கண்ணைத் திருப்பவில்லை. "வேற நல்ல கல்லு தேடித் தர என்னால ஆகாது, தரவும் மாட்டேன். நடுவுல அவர் இருப்பார். எப்பவும் இருப்பார். உங்களுக்குச் சம்மதமா?"

வாத்தியார் மூன்று வருஷமாகத் தினம் பேசியவர். பேழைக்கும் பாதாளத்துக்கும் வாளுக்கும் குண்டுக்கும் கதை வைத்திருந்தவர். இப்போது அவள் கையிலிருந்து அந்தத் துண்டை எடுத்தார். கொக்கிகளுக்கு நடுவில் வைத்தார். கட்டைவிரல் நகத்தால் ஒவ்வொரு கொக்கியாக அழுத்தி மடக்கினார். வெள்ளி மெத்தென்று மடங்கியது. நாலாவது கொக்கி கொஞ்சம் அடம் பிடித்தது, பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் மடக்கினார்.

"நடுவுல அவர் இருக்கட்டும்," என்றார். "சுத்தி நான் இருக்கேன்."

ரடானா அழுதாள், சிரித்தாள், இரண்டையும் ஒன்றாகவே செய்தாள். யாரோ ஒருத்தி மூக்கைச் சிந்தினாள். தலைவர், இதற்காவது ஒரு அட்டை எழுதலாமா என்று பக்கத்தில் இருந்தவரிடம் மெதுவாகக் கேட்டார். வெந்துலா மட்டும் நாற்காலியிலிருந்து எழுந்து வந்தாள். வாத்தியார் கையிலிருந்த பூவை வாங்கி, கழுத்தில் தொங்கிய மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஜன்னல் பக்கம் திருப்பி நெடுநேரம் பார்த்தாள்.

"கோணலா உக்காந்திருக்கு," என்றாள்.

அழுத்திச் சரிசெய்துவிடலாம் என்று அவர் கையை நீட்டினார்.

"வேணாம், விடுங்க," என்றாள் வெந்துலா. "அவன் எங்க உக்காந்தாலும் இப்படித்தான் உக்காருவான்."

சொல்லிவிட்டு, பின்னைத் திறந்து, தம்பி மனைவியின் கருநீலக் கோட்டில் தன் கையாலேயே குத்திவிட்டாள்.